கொட்டகையில் ஓர் ஆடு

தன் வீட்டு வாசலில் நின்று தானே அழைப்புமணியை அழுத்துகிறாள். "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகே செருப்பைக் கழற்றுகிறாள்.

கோடை வந்தால் அந்த வீடு வாடகைக்கு, விடுமுறைக்கு வருகிறவர்களுடையது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஏரிக்குள் மலை தலைகீழாக நிற்கும். அவளும் கணவனும் மூட்டை முடிச்சோடு பின்னாலிருக்கும் விறகுக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். ஊரில் பலரும் செய்வதுதான், கேட்டால் சொல்லியும் விடுவார்கள். இவளுக்கு மட்டும் வாய் வராது. "எங்க வீடு மேல இருக்குங்க" என்று மலைப்பக்கம் பொத்தாம்பொதுவாகக் கை காட்டுவாள். அந்தப் பொய்க்காகவே கொட்டகைக் கதவை வெளியே தாழிட்டு வைத்திருக்கிறாள். காலையில் பின்பலகையை நகர்த்தி வெளியேறி, ஏரிக்கரையைச் சுற்றி, மலையிறங்கி வந்த வேலைக்காரிபோல் மூச்சுவாங்கியபடி முன்வாசலுக்கு வருவாள்.

"உன் வீட்டுக்குள்ள உன்னை விட்டாங்களாடி?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. இவள் காதில் விழாததுபோல் நடப்பாள்.

வேலை சுத்தம். விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. கட்டிலின் ஒரு பக்கம் கணவன் படுத்துப் படுத்துப் பள்ளமாகிவிட்டது. அதில் பழைய போர்வையை மடித்து வைத்து நிரவிவிட்டு, "எல்லாம் புதுசுங்க" என்பாள்.

கணவன் படகுகளுக்குத் தார் பூசுகிறவன். இந்த முறை நெஞ்சில் சளி கட்டி, பகலிலும் கொட்டகையிலேயே கிடந்தான்.

"இருமலைக் கொஞ்சம் அடக்கிக்கோயேன்."

"இருமல் என்ன, விடுமுறைக்கு வந்த ஆளா? தேதி பார்த்துக் கிளம்ப?"

நேற்று அவள் பின்முற்றத்தில் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும்போது, தங்க வந்த அம்மாள் நின்று கேட்டாள்: "உள்ள யாரோ இருமுறாங்களே?"

"அது ஆடுங்க." வாயிலிருந்து விழுந்துவிட்டது. "சளி பிடிச்சிருக்கு."

பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் பாதியில் நின்றது.

மாலையில் சாப்பாட்டைக் கொண்டுபோனபோது அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆட்டுக்குத் தட்டு எதுக்கு?"

"வாய் தவறிடுச்சு."

"விடு. கழுதைன்னு சொல்லாம விட்டியே."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. தட்டை வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை மணியை அழுத்தினாள், பதில் இல்லை. பின்முற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. தங்க வந்தவர்களின் சின்ன மகள் கொட்டகைமுன் குந்தி, ஒரு பிடி புல்லைப் பலகை இடுக்கில் நுழைத்துக்கொண்டிருந்தாள். "சாப்பிடு, சளி போயிடும்!"

"கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்," என்றாள் அம்மாள். "ராத்திரியெல்லாம் ஆடு ஆடுன்னு ஒரே புலம்பல்."

அவள் கை தாழ்ப்பாள்வரை போனது. "அது வந்துங்க... உள்ள..."

அதற்குள் புல் அசைந்தது. ஆடு இழுப்பதுபோலவே, வெடுக் வெடுக்கென்று, கொஞ்சம் கொஞ்சமாக இடுக்குக்குள் போய் மறைந்தது.

"அம்மா, தின்னுது!" குழந்தை கைதட்டிவிட்டு, இன்னும் பறிக்க ஓடினாள்.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.