முருங்கைக்குப் பூசிய சுண்ணாம்பு

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் எதுவும் உருப்படியாக முளைத்ததில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய தெருவில் குடியிருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பச்சைத் தோலிலிருந்து உதறிக் கொட்டிய உப்பும், தோல் ஊறிய தண்ணீரும் வருஷக்கணக்காக மண்ணுக்குள் இறங்கி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் செய்திருந்தன. வெண்டை விதைத்தால் இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகும். கொத்தமல்லி அந்த இரண்டு இலைகூட விடாது. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "உனக்கு வேற வேலையே இல்லியா, உப்பளத்துல போயி வெதைக்கிறியே" என்று சிரிப்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

ஆசைக்காக நான் தோட்டம் போடவில்லை. என் மூத்த மகளின் கண்ணுக்காகப் போட்டேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கு நாலு வயது. ஒரு சாயங்காலம் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இன்னும் வெளக்கு ஏத்தலியா?" என்று கேட்டாள். விளக்குக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டாள். வம்பு பண்ணுகிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். மறுநாளும் அதையே கேட்டாள். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அடித்த கை பற்றி எரிந்தது.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாலைக்கண் என்றார். மீன் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். "இது பாட்டுக்கு இது. கீரையை மட்டும் ஒரு நாளும் விடாதீங்க. முருங்கைக்கீரை கெடச்சா ரொம்ப நல்லது. விட்டீங்கன்னா கண்ணு முழுசாவே போயிடும்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையே என் காதில் இருந்தது.

நல்லவேளையாக ஒரு முருங்கை இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷம் ஒடுகத்தூர் பக்கத்திலிருக்கும் என் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட கிளைப் போத்து. இந்த மண்ணை நம்பாமல், பாலாற்றங்கரையிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்துவந்து, குவித்த மேட்டில் நட்டிருந்தேன். அதனால் பிழைத்தது. வீட்டின் ஓலைக்கூரையை ஒட்டி, கூரையைவிட ஒரு ஆள் உயரம் கூடுதலாக வளர்ந்து நின்றது.

அந்த மேட்டையே இன்னும் அகலப்படுத்தி அரைக்கீரை விதைத்தேன். கிணற்றுத் தண்ணீரை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் கொண்டுவந்த குடத்தில் பாதி எங்களுக்கு, பாதி கீரைக்கு. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போனது. இலையின் அடியில் பேன் பிடித்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவேன். தினமும் முருங்கையில் இரண்டு கொப்பு ஒடித்து, ஆய்ந்து, எண்ணெய் விட்டு வதக்கி, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். துப்பினால் வாயைப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு அவள் விளக்கைக் கைநீட்டிக் காட்டினாள். "அம்மா, வெளக்குகிட்ட பூச்சி பறக்குது" என்றாள். நான் குந்தி உட்கார்ந்து அழுதேன். ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டதற்காக யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

அந்த ஐப்பசியில் மழை விட்டதும் முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி வந்தது. எங்கும் வருவதுதான். ஆனால் அந்த வருஷம் வந்ததைப் போல நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் அடிமரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். மரப்பட்டை கண்ணுக்குத் தெரியாது. இருட்டியதும் மேலே ஏறி இலையைத் தின்னும். நாலே நாளில் உச்சிக்கொப்புகள் குச்சியாக நின்றன. அடுத்த தெருக்களில் இருந்த மரங்களும் அப்படித்தான் ஆகியிருந்தன. யாரிடமும் ஒரு பிடி கேட்க முடியவில்லை. மற்றவர்கள் கந்தலைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பந்தம் கொளுத்திச் சுட்டார்கள். எங்களுக்கு அதற்கும் வழியில்லை. மரத்தோடு சேர்ந்து கூரையும் எரிந்துவிடும். சாம்பல் வீசினேன்; அவை அசையவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடி கழன்றதும் தூக்கிச் சிரைக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "ஊர்ல இருக்கிற மாட்டுக்கெல்லாம் முடி உரிக்கிறீங்க. உங்க வீட்டு மரத்துல முடி மொளச்ச பூச்சி ஊருது, அதுக்கு ஒரு வழி பண்ண முடியலியா?"

அவர் சிரித்தார். "தோலுக்குப் போடற சுண்ணாம்புடி அது. பூச்சிக்கு இன்னா தெரியும்?"

"முடி முடிதானே?" என்றேன்.

அந்தப் பேச்சு அத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் அவர் சாப்பிட்டுக்கொண்டே அதை யோசித்தார். எனக்கும் அதில் ஒரு நியாயம் தெரிந்தது. எருமைத்தோலின் முடியையே கழற்றுகிற சரக்கு, விரல் நீளப் பூச்சியின் முடியைக் கழற்றாதா? தொட்டி வேலை தெரிந்த எந்த வீட்டிலும் எங்களைப் போலத்தான் நினைத்திருப்பார்கள். நெல் விதைக்கிறவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார்கள்.

மறுநாள் மண்ணெண்ணெய் டின் ஒன்றில் முக்கால் அளவுக்குக் கொண்டுவந்தார். வெறும் சுண்ணாம்பு இல்லை. முடி சீக்கிரம் கழல ஷாப்பில் மருந்து கலந்து வைத்த புதுச் சுண்ணாம்பு. டின்னைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் தெருவரை போனது. கோலின் நுனியில் தேங்காய் நார் கட்டி, தொட்டுத் தொட்டு அடிமரத்துக்கு அப்பினார். பூச்சிகள் துடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக விழுந்தன. முடி கரைந்து, உடம்பு பழுப்பாகச் சுருண்டது. எதிர்வீட்டுக்காரிகூட மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்து, "உன் வூட்டுக்காரரு கெட்டிக்காரருதான்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டின்னில் பாதி மீந்திருந்தது. "கொட்டிடட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"எதுக்குக் கொட்டணும்? வேர்ல ஊத்துங்க. மண்ணுல முட்டை கிட்டை இருந்தா அதுவும் சாவட்டும்" என்றேன்.

ஊற்றினார்.

இரண்டாம் நாள் அரைக்கீரை முழுவதும் படுத்துவிட்டது. ஐந்தாம் நாள் முருங்கையில் மிச்சமிருந்த இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. நான் குடம் குடமாக ஆற்று ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து வேரில் கொட்டினேன். வெள்ளை வெள்ளையாக வடிந்ததே தவிர மரம் தேறவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் அடிமரத்தில் கை வைத்து அழுத்தினார். பட்டை, ஊறின தோலில் முடி வருவது போல வழுக்கிக்கொண்டு அவர் கையோடு வந்தது. எத்தனை ஆயிரம் தோலை அப்படி அழுத்திப் பார்த்த கை அது. பதம் சரியாக வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகு கீரைக்கு நாயாக அலைந்தேன். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கீரைக்கட்டு கொண்டுவரும் பெண்ணுக்காகக் காத்திருப்பேன். வாரத்தில் ஒரு நாள் வருவாள், சில வாரம் வரமாட்டாள். மீன் எண்ணெயை மட்டும் விடாமல் கொடுத்துவந்தேன். அதுவும் பாட்டிலின் அடிக்கு வந்துவிட்டது.

தை மாதத்தில் தெருவில் மணல்வாரி அம்மை வந்தது. என் மகளுக்கும் போட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, கீரை கூடாது, மீன் வாடையே ஆகாது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மீன் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே வைத்தேன். ஆத்தாளுக்குப் பயந்து வைத்தேன். அதில் இன்னும் நாலைந்து நாளுக்கு எண்ணெய் இருந்தது.

காய்ச்சல் பத்து நாள் இருந்தது. கண்ணைத் திறக்காமலே கிடந்தாள். வெளிச்சம் கூசுகிறது என்று நினைத்தேன். தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று, நடுப்பகலில், வாசல் வெயிலில் உட்காரவைத்துத் தலை துவட்டினேன். கண்ணைத் திறந்தாள். கருவிழி இருந்த இடம் வெந்த மீன் கண்ணைப் போல வெளுத்திருந்தது. இரண்டிலும்.

"அம்மா, வெளக்கு ஏத்தலியா?" என்றாள்.

"ஏத்தறேம்மா" என்றேன். உள்ளே போய், அந்த வெயிலில், விளக்கை ஏற்றிக்கொண்டுவந்து அவள் எதிரே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் சூடு பட்ட பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அன்றே வேலூருக்கு ஓடினோம். அதே டாக்டரம்மாதான் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் தோளில் கை வைத்துவிட்டு அடுத்த குழந்தையிடம் போனார். திட்டியிருக்கலாம்.

அவள் இப்போதும் என்னோடுதான் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. வீட்டில் கீரை ஆய்வது அவள்தான். ஒரு புழு, ஒரு பழுத்த இலை அவள் விரலுக்குத் தப்பாது. அவள் அப்பா போய்ச் சேரும்வரை அந்த டின்னைப் பற்றி நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "நம்ம பழைய வூட்ல ஒரு முருங்க இருந்துதே, அது எப்படிம்மா செத்துது?"

"பூச்சி தின்னுட்டுதும்மா" என்றேன்.

சின்ன வயதிலிருந்து அவள் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லி வருகிறேன். நடந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என்னால் எழுத முடிகிறது. அவளால் இதைப் படிக்க முடியாது.