நோரீன் தேர்ந்தெடுத்த மூன்று கியர்

நோரீன் ஹக்ஸுக்கு இடது கால் போனது நெடுஞ்சாலை ஓரத்தில். பழுதாகி நின்ற வண்டிகளை இழுத்துச் செல்லும் லாரி ஓட்டுவது அவள் தொழில். லைமா நகருக்குத் தெற்கே, மழை தூறிய ஒரு சாயங்காலம், நின்றுபோன வேனுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். செல்போனைப் பார்த்தபடி வந்த ஒருவன் ஓரக் கோட்டைத் தாண்டிக் காரை அவள்மேல் ஏற்றிவிட்டான். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது. பனிக்காலத்தில் வாய்க்காலில் இறங்கிய காரை அவள் வந்து தூக்கிவிடாத வீடு ஒன்றிரண்டு இருந்தால் அதிசயம். அவளைவிட அவள் காரை இன்னும் நன்றாகத் தெரியும். எழுபதாம் வருடத்து செவெல்; அடர்நீலம், முன்மூடியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். யாரோ ஒரு விவசாயியின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டியை இழுத்துவந்து, துருவைச் சுரண்டி, தன் கையாலேயே உயிர் கொடுத்திருந்தாள். பெரிய இன்ஜின், கையால் போடும் நான்கு கியர். சனிக்கிழமை தோறும் கால் மைல் பந்தயத் தடத்தில் அதை ஓட்டுவாள்.

வீடு திரும்பிய வாரமே பழைய கார் கிளப்பின் தலைவன் ரஸ் கில்மோர் வந்தான். கையில் கோழி நூடுல்ஸ் வேகவைத்த பாத்திரம். பாத்திரத்தை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காத நோரீன். அந்த வண்டி கொட்டகைக்குள்ளயே கெடந்து வீணாப் போறதுக்கு, ஓட்டுற கைக்குப் போனா நல்லதில்லையா? நான் எடுத்துக்கறேன்."

"எனக்கு ரெண்டு கையும் இருக்கே ரஸ். வேணும்னா எண்ணிப் பாரு."

"கிளட்ச்சை மிதிக்கக் கால் வேணுமே."

"அப்ப கிளட்ச் போகட்டும். ஆட்டோமேட்டிக் போடப்போறேன்."

ஞானஸ்நானத் தொட்டியில் பீர் ஊற்றப்போகிறேன் என்று சொன்னதுபோல ரஸ் எழுந்து நின்றுவிட்டான். "அசல் கியர் பெட்டி அது! ஃபேக்டரிலேர்ந்து வந்தப்ப இருந்த அதே நாலு கியர்! அதைக் கழட்டிட்டு, கிழவிங்க கடைக்கு ஓட்டிட்டுப் போற பெட்டியவா மாட்டுவ?"

"எனக்கு அம்பத்தெட்டு ஆகுது. பொருத்தமாத்தானே இருக்கு."

அவன் போனதும் அந்த நூடுல்ஸைச் சாப்பிட்டாள். ரொம்ப நன்றாக இருந்தது, அதுதான் கூடுதல் எரிச்சல் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆனால் ரஸ்ஸிடம் வீம்புக்குச் சொன்னாளே தவிர, மனசு அப்போது முழுதாக ஒப்பவில்லை. செயற்கைக் கால் வந்தவுடன் யாருக்கும் சொல்லாமல் கொட்டகைக்குப் போய்ச் செவெலில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்துப் பார்த்தாள். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது பழைய பாதத்துக்குத் தெரியும். பிளாஸ்டிக் பாதத்துக்கு எதுவும் தெரியவில்லை. வண்டி ஒரு துள்ளு துள்ளி வேலை மேசையில் போய் மோதி நின்றது. சத்தம் கேட்டு அவள் அண்ணன் டுவைட் ஓடிவந்தான். விவசாய இயந்திரங்கள் பழுதுபார்ப்பவன், பக்கத்து வீடு. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். அவன் கதவைத் திறக்கவில்லை. முன்பக்கம் போய், நெளிந்த பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கைப்பிடி ஒண்ணு செஞ்சு தரவா? கையாலயே கிளட்ச்சை அமுக்கலாம்" என்றான் கடைசியில்.

"ஒரு கை ஸ்டீயரிங்ல, ஒரு கை கியர்ல. மூணாவது கை யாரோடது, உன்னோடதா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆர்வில் கடைக்குக் கூட்டிட்டுப் போ."

ஆர்வில் ஸ்னைடர் ஆயுசு முழுக்க ஆட்டோமேட்டிக் பெட்டிகளைப் பிரித்து மாட்டியவர். தரையில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்துக் காட்டினார். முதலாவது இரண்டே கியர். லேசானது, பந்தயக்காரர்கள் விரும்புவது. இரண்டாவது புதுசு; நான்கு கியர், மாற்றுவதெல்லாம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். மூன்றாவது, பழைய கனத்த மூன்று கியர் பெட்டி.

"நாலு கியரை எடு" என்றான் டுவைட் உடனே. "நெடுஞ்சாலைல பூனை மாதிரிப் போகும். பெட்ரோலும் மிச்சம்."

"அது உள்ள போக என்ன செய்யணும் ஆர்வில்?"

"தரைத் தகட்டக் கொஞ்சம் அடிச்சு விரிக்கணும். ஒரு எடத்துல வெட்டவும் வேண்டி வரலாம்."

"வேணாம். என்னை வெட்டினது போதும். என் செவெல், அவளை யாரும் வெட்டக் கூடாது."

ஆர்வில் நான்கு கியர் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு இரண்டு கியர் பெட்டியைக் கைத்தடியால் தட்டினாள். "இது தடத்துக்கு மட்டும்தான். நான் கடைக்கும் போவேன், சர்ச்சுக்கும் போவேன்." மூன்றாவதன்மேல் கையை வைத்தாள். "நான் முதல்ல ஓட்டின லாரில இதுதான் இருந்தது. என்ன இழுத்தாலும் முனகினதில்ல. ஆனா ஒண்ணு, கியரை அதுவா மாத்தக் கூடாது. நான் நெம்புகோலைத் தள்ளினாத்தான் மாத்தணும். அப்படி உள்ள மாத்தித் தர முடியுமா?"

"முடியும். அப்புறம் எதுக்கும்மா ஆட்டோமேட்டிக்?"

"கால்தான் போச்சு ஆர்வில். கை சும்மா இருக்குமா?"

"மூணே கியர், தடத்துலேர்ந்து வீட்டுக்குத் திரும்பறப்ப நெடுஞ்சாலைல இன்ஜின் கத்தும். காது போயிடும்."

"கத்தட்டும்."

அடுத்து கன்வர்ட்டர் தகராறு. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெயால் விசையைக் கடத்தும் உருளை அது. இன்ஜின் எவ்வளவு வேகம் எடுத்தபின் வண்டியைத் தள்ள வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். மிதமானதைப் போடு என்றார் ஆர்வில். தடத்தில் பாய்கிற மாதிரி வேண்டும் என்று நோரீன் ஒற்றைக்காலில் நின்றாள்; "ஒத்தக்கால்லதான் நிப்பேன்" என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள்.

அவள் கேட்டதையே மாட்டினார்கள்; ஆனால் அந்த விஷயத்தில் ஆர்வில்தான் சரி. சுதந்திர தின ஊர்வலத்தில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனதில், எண்ணெய் கொதித்து, மேளக்காரர்களுக்கு நடுவே புகை கிளம்பியது. "இப்பவாவது கன்வர்ட்டரை மாத்தலாமா?" என்றார் அவர். "எண்ணெய் ஆற ஒரு கூலர் போடுங்க" என்றாள் அவள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய கூலர் ஒன்றைப் பொருத்தினார். அதற்குப்பின் கொதிக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் கிளப்பின் பந்தய நாள் வந்தது. கையால் கியர் போட்டு, காலால் கிளட்ச் மிதிக்கும் வண்டிகளுக்கு மட்டுமே போட்டி என்று ரஸ் புது விதி போட்டிருந்தான். நோரீனின் காரைப் புல்வெளியில் காட்சிக்கு நிறுத்திக்கொள்ளலாமாம். அவள் காட்சிக்கு நிறுத்தவில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டக்கூடிய பொது வரிசையில் போய் நின்றாள். அங்கிருந்தே ரஸ்ஸைக் கூப்பிட்டாள்.

"பக்கத்துல வந்து நில்லு. ஒரே ஒரு ஓட்டம்."

"ஆட்டோமேட்டிக்கோட ஓடி ஜெயிச்சாலும் அசிங்கம், தோத்தா அதைவிட அசிங்கம். வரல."

தனியாகவே ஓடினாள். முதல் ஓட்டத்தில் டயர்கள் சுழன்று புகைந்ததே தவிர வண்டி சட்டென்று கிளம்பவில்லை. பழைய நேரத்தைவிட மோசம். ரஸ்ஸின் ஆட்கள் கேலியாகக் கைதட்டினார்கள். அவள் மறுபடி வரிசையில் போய் நின்றாள். இந்த முறை ஆக்ஸிலரேட்டரைப் பதமாக மிதித்தாள். வண்டியின் மூக்கு நிமிர்ந்தது. நெம்புகோலை ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. மின்பலகையில் ஓட்ட நேரம் ஒளிர்ந்தது. இரண்டு கால்களோடு அவள் ஓட்டிய எந்த ஓட்டத்தையும்விடக் குறைவு. டுவைட் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஓட்டினது பெட்டி, நீ இல்ல" என்றான் ரஸ், அவள் திரும்பி வந்ததும்.

"ஆமா, பெட்டிதான். உன் வண்டிய என்ன, நீயா தோள்ல தூக்கிட்டு ஓடற?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கொஞ்சநேரம் கழித்து, கிளப்பிலேயே முழங்கால் தேய்ந்துபோன ஹார்லன் என்கிறவர் மெல்ல நொண்டி வந்து, அவள் ஜன்னலில் குனிந்தார். "இதை யாரு போட்டுத் தந்தது? நம்பர் குடேன்."

"காதுக்குள்ள கிசுகிசுன்னு கேட்டா தரமாட்டேன் ஹார்லன். அவங்களுக்குக் கேக்கற மாதிரி கேளு."

அவர் ரஸ் நின்ற பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நோரீன், எனக்கும் ஆட்டோமேட்டிக் வேணும்! நம்பர் குடு!" என்று தடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது, ஆர்வில் சொன்னபடியே, நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓயாமல் அலறியது. பக்கத்து இருக்கையில் டுவைட் காதைப் பொத்திக்கொண்டு, "நாலு கியர் வாங்குன்னு அப்பவே சொன்னேன்ல!" என்று கத்தினான்.

"என்ன சொல்ற? கேக்கல!" என்று பதிலுக்குக் கத்திய நோரீன், ஜன்னலை இறக்கிவிட்டு இன்னும் அழுத்தி மிதித்தாள்.