மீன்தொட்டிப் பக்கம் உட்கார்ந்தவர்கள்

பல் மருத்துவமனையில் அவளை எல்லோரும் வரிசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதி, உட்காரும் இடத்தைக் கைகாட்டி, ஒருவரை ஒருவர் முந்தாமல் பார்த்துக்கொள்பவள். நாற்பதைத் தாண்டிய பிறகு தபால் வழியில் உளவியல் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது. ஆய்வு முறைகள் என்ற ஒன்று மட்டும் தொண்டை முள்ளாக நின்றது. இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவது முறைதான் விதிப்படி கடைசி. இதிலும் போனால் நான்கு வருஷப் படிப்பும் பழைய பேப்பர்.

இந்தப் பாடத்துக்குச் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து தரவேண்டும். விஷயத்தைத் தேடி அவள் அலையவில்லை. காத்திருக்கும் அறையின் ஒரு மூலையில் மீன்தொட்டியும் சோபாவும் இருந்தன. எதிரே, டாக்டரின் கதவை ஒட்டி நான்கு இரும்பு நாற்காலிகள். மீனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேரம் போவது தெரிவதில்லை என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி, எத்தனை நிமிஷம் காத்திருந்ததாகத் தோன்றுகிறது என்று கேட்டு எழுதினாள். பக்கத்திலேயே நிஜ நேரம்.

அறுபது பேரைக் கேட்டு முடித்ததும் முடிவு பளிச்சென்று வந்தது. அதே இருபது நிமிஷம் மீன் பக்கத்தில் பதினாலாகத் தெரிந்திருந்தது, கதவுப் பக்கத்தில் முப்பத்தொன்றாக. டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். தாளைப் பார்த்த குஷியில் மூன்று மடங்கு பெரிய தொட்டிக்குச் சொல்லிவிட்டார். வீட்டில் மகள், அம்மா இந்தத் தடவை பாஸ் என்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஒப்படைக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தபோது, பஸ் ஓட்டும் அவள் கணவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். அவள் கை தானாக நீண்டு கதவுப் பக்க நாற்காலியைக் காட்டியது.

"ஊருக்கெல்லாம் மீனு, சோபா. கட்டின புருஷனுக்கு இரும்பு நாற்காலியா?"

"வலியோட வர்றவங்கள எப்பவும் இங்கதாங்க உட்கார வைப்பேன். கதவு திறந்ததும் ரெண்டே எட்டுல உள்ள போயிடலாம்."

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலி உயிரை எடுக்க வந்தவர்கள் அத்தனை பேரையும் கதவுப் பக்கம் அனுப்பியது அவள்தான். சும்மா பல்லைச் சுத்தம் செய்ய வந்தவர்களை மீன் பக்கம் அனுப்பியதும் அவள்தான். பல்வலிக்காரனுக்கு ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகத்தான் தெரியும். அதில் மீனுக்கு என்ன வேலை?

கணவரின் பல்லைப் பிடுங்கினார்கள். அவளுக்கோ ஆய்வே வேரோடு போயிருந்தது.

மகள் தட்டைக் கழுவியபடியே, யாருக்குத் தெரியப்போகிறது, நீயாகப் போய் மாட்டிக்கொள்ளாதே, இதுதான் கடைசி வாய்ப்பு என்றாள். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த கணவரும் தலையை ஆட்டினார்.

"இதை நம்பி ஒரு மனுஷன் புதுத் தொட்டிக்கே ஆர்டர் குடுத்துட்டாருடி" என்றாள் அவள்.

மறுநாள் கணவரின் பழைய சீருடைச் சட்டைகளிலிருந்தும் மகளின் பள்ளிச் சட்டைகளிலிருந்தும் பொத்தான்களை வெட்டியெடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள். முப்பது கறுப்பு, முப்பது வெள்ளை. வருகிறவர் பார்க்காமல் கைவிட்டு எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் மீன், கறுப்பு வந்தால் கதவு. வேலையைவிடச் சும்மா இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கன்னம் வீங்கி வந்த தையற்காரர் வெள்ளையை எடுத்தபோது, அவரைக் கதவுப் பக்கம் அனுப்பக் கை பரபரத்தது. கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த இருபது நிமிஷம் இப்போது மீன் பக்கம் இருபத்திரண்டாகவும் கதவுப் பக்கம் இருபத்திமூன்றாகவும் தெரிந்திருந்தது. தொட்டியால் ஒரு பயனும் தெரியவில்லை.

தாளை நீட்டியபோது டாக்டரின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. தொட்டி அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தது. பிறகு அவரே சிரித்து, "மீனால பிரயோஜனமில்லன்னு எழுதின நீங்கதான்க்கா இனி தினமும் தீனி போடணும்" என்றார்.

நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்த பேராசிரியை மூக்குக்கண்ணாடி வழியாக அவளையும் தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது ஆய்வு மட்டுமே போதுமே, தப்பாகப் போன முதல் அறுபது பேரை எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டார்.

பதில் மனப்பாடம் செய்ததல்ல, அதனால் தடையில்லாமல் வந்தது.

"முதல்ல நான் மீனைச் சோதிக்கவே இல்ல மேடம். வலி இருக்கறவங்களையும் இல்லாதவங்களையும் நானே பிரிச்சு உட்கார வெச்சுட்டு, பேரை மீனுக்குக் கொடுத்துட்டேன். அதைச் சொல்லாம விட்டா, பொத்தான் டப்பா எதுக்குன்னு உங்களுக்கு எப்படிப் புரியும்?"

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். பாடத்தில் பாதியை நீங்கள் மேசையிலிருந்தே கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றார்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அந்தத் தேர்வு மையத்திலேயே அதுதான் முதல் மதிப்பெண். கணவர் அந்தத் தாளைப் படமெடுத்து டெப்போவில் ஒருவர் பாக்கியில்லாமல் காட்டினாராம். மகள் மட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்ற அந்தப் பழைய பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த மாதம் ஒரு விற்பனைக்காரர் பெரிய பையோடு வந்தார். தலைக்கு மாட்டும் ஒரு பாட்டுக் கருவி. போட்டுவிட்டால் நோயாளியின் பயம் பாதியாகிறது, மூன்று மருத்துவமனைகளில் நிரூபித்தாயிற்று என்றார். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, "எதுவா இருந்தாலும் முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

வரிசையக்கா அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரிங்க. அதை யாருக்கு மாட்டணும், யாருக்கு வேண்டாம்னு முடிவு பண்ணது யாரு?"

அவர் பையிலிருந்த விளம்பரத் தாளைப் புரட்டினார். அவள் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.