எலுமிச்சையைத் திருப்பி எறிகிறவர்

வேலிக்கு மேலாக வந்து விழும் எலுமிச்சைகளை வால்டா ட்ரெலோர் குனிந்து பொறுக்குவதில்லை. அவை எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே ஒரு பழைய தகர வாளியை வைத்திருக்கிறாள். காலையில், பனி இன்னும் புல்லின் மேல் வெள்ளையாக இருக்கும்போதே, இறந்துபோன கணவனின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாளியிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பாள். அடுத்த வீட்டிலிருந்து ஒன்று வரும். பிறகு இன்னொன்று. வாளி சத்தம் போடும். வேலிக்கு இரண்டு பக்கமும் யாரும் வாய் திறப்பதில்லை.

மரம் அவளுடையது. அதன் கிளை ஒன்று லெஸ் டக்வெல்லின் கொல்லைக்குள் நீண்டிருக்கிறது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், அவள் ஊரில் இல்லாத நாள் பார்த்து, அவர் அதை ரம்பத்தால் அறுத்தார். சட்டப்படி சரி. அறுத்ததை இலை, காய், பழம் எல்லாவற்றோடும் வேலிக்கு அவள் பக்கம் வைத்துவிட்டார். அதுவும் சட்டப்படி சரி. அன்றோடு பேச்சு நின்றது. கிளை மறுபடி வளர்ந்தது. உதிர்கிற பழம் மறுநாள் காலை திரும்பி வருகிறது. அதுவரை 'வால்' என்று கூப்பிட்டவர், பிறகு தவிர்க்க முடியாத சமயங்களில் 'மிசஸ் ட்ரெலோர்' என்றார். அவளுக்கு அவர் வெறும் டக்வெல்.

அவளுக்கு எண்பத்திரண்டு வயது. சாமான் வாங்கக் காரைத் தானே ஓட்டிப் போகிறாள், இரண்டாவது கியரை விட்டு மாறாமல். வியாழக்கிழமை வரும் உள்ளூர்ப் பேப்பரின் மரண அறிவிப்புகளை நாய்க்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். "இவளும் போயிட்டா, பேஸி. பாவம். ஸ்கோன் ரொட்டி மட்டும் ஒரு நாளும் ஒழுங்கா சுட வந்ததில்ல அவளுக்கு."

சென்ற கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் இருவரும் மெல்பர்னிலிருந்து வந்து போனார்கள். மறுநாள் தேநீர் ஊற்றும்போது கெட்டிலின் அடியில் மஞ்சள் வட்டச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்ததைக் கண்டாள். கண்ணாடி அலமாரியின் பின்னால் நீலம். மகள் ஜெனீனுக்கு மஞ்சள், மகன் கிராண்டுக்கு நீலம். பின்னால் சண்டை வரக் கூடாது என்று இப்போதே பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். வால்டா ஒரு மஞ்சள் வட்டத்தை உரித்து நாயின் நெற்றியில் ஒட்டினாள். அதை யாரும் கேட்டு வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் மேய்ச்சல் நிலம். ஊர் வளர்ந்து அதன் ஓரம்வரை வந்துவிட்டது. டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் பிள்ளைகள் அறையும் பார்த்து வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். ஒரு பவர் பத்திரம்தான் பாக்கி. புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். புத்தி தப்பிய பிறகு அது வேலை செய்யத் தொடங்கும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்கிற இடத்தில்தான் வால்டா படுத்து எழுந்திருக்க வேண்டும். கிராண்ட் வாரம் தவறாமல் தொலைபேசியில் நினைவுபடுத்தினான். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்மா."

ஒரு காலை, வாளியில் கடைசிப் பழம் விழுந்ததும், அவள் வேலியைப் பார்த்துப் பேசினாள்.

"டக்வெல். உன்கிட்ட ஒரு விஷயம்."

"கிளையைப் பத்தின்னா கவுன்சிலுக்கு எழுதுங்க."

அவள் பவர் பத்திரத்தைப் பற்றிச் சொன்னாள். தன்னை இந்த வீட்டை விட்டு நகர்த்தக் கூடாது, நிலத்தை விற்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை என்றாள். 

"எனக்கு இதுல என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்ப சரி," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த நாய் குலைக்கறதை நிறுத்தவும் அதிகாரம் உண்டா?"

"எனக்குப் புத்தி தப்பினப்புறம்."

வக்கீல் எலெனி பப்பாஸ் சின்ன வயதுக்காரி. அவளுடைய படிப்பில் இப்படி ஒரு கட்சிக்காரர் வந்திருக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரோடு நெருங்கிய பழக்கமா என்று கேட்டாள்.

"பேச்சே கிடையாது."

"அப்புறம் எப்படி நம்பறீங்க?"

"என் பசங்களுக்கு என்மேல ரொம்பப் பிரியம். அவங்க அப்பாவோட உளி, ரம்பமெல்லாம் அந்தப் பிரியத்துலதான் எடுத்துட்டுப் போனாங்க. இவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பத்தொன்பது வருஷமா தன் பக்கம் விழுந்த ஒரு எலுமிச்சையக்கூட எடுத்துக்கல."

வக்கீல் பேனாவை மூடித் திறந்தாள். புத்தி தெளிவாக இருக்கிறவரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள். அன்று பிற்பகலே லெஸ் டை கட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஊருக்கு, ஒரே தெருவுக்கு, தனித்தனிக் காரில் திரும்பினார்கள்.

மறுநாள் காலை வாளி காலியாக இருந்தது.

இரவெல்லாம் காற்று அடித்திருந்தது. விழாமல் இருக்க வழியே இல்லை. வால்டா நின்றாள். புல்லின் மேல் பனி உருகிக் காலணி நனைந்தது. ஒரு பழம்கூட வரவில்லை. கையெழுத்து காய்வதற்குள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டான் என்று நினைத்தாள். இல்லையென்றால் இன்னும் மோசம்: இனி ஒரு தட்டில் அடுக்கி, வாசல் பக்கமாக வந்து, 'வால்' என்று கூப்பிட்டுக் கொடுக்கப் போகிறான். நல்லவனாகிவிட்ட டக்வெல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிராண்ட் வந்து ஒரு பீர் வாங்கிக் கொடுத்தால் தலையாட்டிவிடுவான். உள்ளே போய் வக்கீலின் எண்ணைத் தேடி எடுத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் வாளி அதிர்ந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். இரண்டாவது வந்தது. மூன்றாவது. நான்காவதாக வந்தது முழுக்க அழுகல். வாளியின் விளிம்பில் பட்டு அவள் கோட்டில் தெறித்தது.

"குளிர்ல முதுகு பிடிச்சுக்கிச்சு," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "நாலு. சரிபார்த்துக்குங்க, மிசஸ் ட்ரெலோர்."

வால்டா வாளியருகே போனாள். வாளிக்குள் கைவிட்டு, இருந்ததில் நல்ல பழமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். கோட்டில் துடைத்தாள். அதை வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, வாளியைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்து, சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.