பீங்கானுக்கும் குழாய்க்கும் நடுவே

கல்யாண வீட்டில் சமையல்காரரைப் பாராட்டுவார்கள். மறுநாள் ஆள் விட்டுக் கூப்பிடுவது பிளம்பரைத்தான். அறுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பழைய கக்கூஸைப் பெயர்த்துவிட்டுப் புதுசு வைப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக் கக்கூஸை உடைத்துப் போட்டுவிட்டு, சொம்பும் கையுமாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியவரா நீங்கள்? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள்.

எந்தப் பக்கம் பார்த்து?

அம்பத்தூரில் ஒரு ஃபேக்டரி ஃபோர்மேன். முட்டிவலியில் குந்த முடியாமல் கம்மோடு வாங்கிவிட்டார். ஆனால் அது வடக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று அந்த முட்டியோடு ஒற்றைக்காலில் நின்றார். குந்தும் பீங்கானுக்குப் போட்டிருந்த கழிவுக்குழாயோ கம்மோடுக்கு ஒத்துவராமல் வேறு பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. திருப்பி வைத்தால் குழாயில் இரண்டு வளைவு விழும், அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்றேன். "அடைச்சா நீயே வந்து எடு" என்றார்.

வேறு வழியில்லாமல் கடப்பாரையைத் தூக்கினேன். அடுப்படியிலிருந்து அவர் சம்சாரம் கரண்டியோடு வந்தார். "இத்தினி வருசமா வடக்கால பாத்துத்தானே குந்திகினு இருந்தே? குபேரன் வந்து கதவைத் தட்டிட்டானா இன்னா?" என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ நேரா வெச்சிட்டுப் போ நைனா!"

தலைதீபாவளி

ஆவடியில் ஒருவர், பம்பாய் மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வருகிறார் என்று குந்தும் பீங்கானை எடுத்துவிட்டுக் கம்மோடு வைக்கச் சொன்னார். குழாய் இணைப்பில் சணல் திணித்து, சிமெண்ட் பூசி, "நாளைக்குக் காயுற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது" என்று சொல்லிக் கை கழுவுகிறேன், மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார். ஒருநாள் முன்னாடியே! ரயிலில் வந்த அவசரம். பெட்டியைப் போட்டுவிட்டு நேரே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மாமனார், "மாப்பிள்ளைகிட்ட நான் எப்பிடிப்பா சொல்றது? நீ சொல்லு" என்று என்னைத் தள்ளினார். "உக்காராதீங்க சார்!" என்று கத்தினேன். உள்ளே 'மடக்' என்று ஒரு சத்தம். கதவுக்கடியில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையும் வந்தார். கோபமே இல்லை. "மாமா, பம்பாய்ல எங்க மாடிக்கே ஒண்ணுதான். அதுவும் குந்துறது. எனக்கு நாற்காலி வேணும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

ஆண்டெனா

டெலிவிஷன் வந்த புதுசு. குமணன்சாவடி அரிசிக்கடைக்காரர் ஒருவர், நான் வைத்த கக்கூஸிலிருந்து வீடே நாறுகிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார். பேர் கெட்டுவிடுமே என்று ஓடினேன். தரையைக் கொத்திப் பார்த்தால் இணைப்பு கல்லு மாதிரி இருந்தது. மொட்டைமாடிக்கு ஏறினேன். கெட்ட காற்று வெளியே போவதற்காக நான் நிறுத்தியிருந்த குழாய்க்குள் ஆண்டெனா மூங்கிலைச் சொருகி, ஆடாமல் இருக்கக் கோணியைத் திணித்திருந்தார்கள். காற்று போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

மூங்கிலைப் பிடுங்கினேன். கீழே டெலிவிஷனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கூடத்தில் உட்கார்ந்திருந்த தெருவே கத்தியது. கடைக்காரர் சம்சாரம் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "நாத்தம் அடிச்சா மூக்கைப் பொத்திக்கலாம். படம் பூட்சின்னா இன்னாத்தைப் பொத்திக்கிறது? சொருவு அத்தெ!"

போகவேண்டியதைப் போகவேண்டிய இடத்துக்கு அனுப்புவது சுலபம்தான் சார், நடுவில் நிற்கும் வீட்டுக்காரர்களை நகர்த்துவதுதான் அடைப்பெடுக்கிற வேலை.