நடு சீட்டிலிருந்து மூன்று வண்டிகள்

இரண்டாயிரத்தில் தொடங்கி ஒன்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரே வண்டியை மூன்று முறை வாங்கினோம். ஒரே வண்டி என்றால் ஒரே பெயர். ஜீப் மாதிரி உயரம், கார் மாதிரி அடக்கம், ஒரு குடும்பம் ஏறிக்கொள்கிற அளவு. கம்பெனிக்காரர்கள் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அதன் மூஞ்சியை மாற்றி, முதுகை மாற்றி, பெயரை மட்டும் மாற்றாமல் திரும்ப விற்பார்கள். என் வீட்டுக்காரர் திரும்பப் போய் வாங்குவார்.

அவருக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை. பகலெல்லாம் மூடிகளைத் திருகிப் பார்த்து, பிடிக்காததைத் தள்ளிவிடுகிற மனுஷன். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தோசையைத் திருப்பிப் பார்ப்பார், சட்டைப் பித்தானை இழுத்துப் பார்ப்பார். வண்டி வாங்கப் போகும்போது ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு போவார். கதவை இருபது தடவை சாத்தி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். மைலேஜ், பிரேக், ஏசி, டிக்கி, ஹாரன் எல்லாம் அந்தத் தாளில் உண்டு. பின் சீட்டில் நடுவில் உட்கார்கிற ஆளைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

அந்த ஆள் நான்தான்.

யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு முதல் வண்டி வந்த அன்று, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு எல்லோரும் ஏறினோம். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில். மாமா, அதாவது மாமனார், பக்கத்தில் முன் சீட்டில். அத்தைக்கு ஜன்னல், ஏனென்றால் பெரியவர்கள். பையனுக்கு இன்னொரு ஜன்னல், ஏனென்றால் இல்லாவிட்டால் அழுவான். மிச்சம் இருந்தது நடு. மருமகள் என்றால் மிச்சத்தில்தானே உட்கார வேண்டும், குழம்பு முதற்கொண்டு அப்படித்தானே. போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தது ஒன்பது வருஷம் போயிற்று. அந்த ஒன்பது வருஷமும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முன் சீட்டில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும்.

ஆகவே இந்த வண்டியின் மூன்று தலைமுறைகளைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

முதல் தலைமுறையில் பின்னால் நடுவில் ஒரு மேடு இருந்தது. இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஏதோ தண்டு போகிறதாம், அதை மூடுவதற்காக. அந்த மேட்டின் மேல் காலை வைத்தால் முழங்கால் தாடைக்கு வரும். இரண்டு பக்கமும் காலைப் பிரித்துப் போட்டால் ஒரு பக்கம் அத்தையின் பாதம், இன்னொரு பக்கம் பையனின் உதை. தலை சாய்க்க ஜன்னல்காரர்களுக்கு ஆளுக்கொரு திண்டு. எனக்கு வெறும் காற்று. வண்டி ஒரு பக்கம் திரும்பினால் நான் அத்தை மேல், மறுபக்கம் திரும்பினால் அத்தை என் மேல்.

திரும்புவதோ அடிக்கடி நடக்கும். மாமா பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் மகனுக்கு வழி சொல்வது அவர் பொறுப்பு, அதுவும் பிரெஞ்சில். இடது பக்கம் திரும்ப "கோஷ், கோஷ்" என்பார். வலது பக்கத்துக்கு "த்ருவாத்". பிறந்ததிலிருந்து ஓடியாடிய ஊரில் மகனுக்கு வழி தெரியாதா என்ன? ஆனாலும் அவர் சொன்ன பிறகுதான் இவர் திருப்புவார். பின்னால் நானும் பழகிக்கொண்டேன். "கோஷ்" என்று காதில் விழுந்ததும் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நான் கற்ற பிரெஞ்சு அவ்வளவுதான், அதுவும் தற்காப்புக்காக.

அந்த முதல் வண்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சொல்லாமல் விட்டால் பாவம். டிக்கியில் வெறும் தகரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திக்குப்பத்துக்குப் போவோம். அத்தை கரையில் இறங்கி, செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, மகனுக்குச் சற்றும் சளைக்காமல் மீன்களைத் தள்ளுபடி செய்து, கடைசியில் வஞ்சிரமோ சங்கராவோ வாங்கி வருவார். டிக்கியில் போட்டு வீட்டுக்கு வந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் வண்டி சுத்தம். ஆனால் பின்கதவில் ஸ்டெப்னி சக்கரத்தைச் சுமந்துகொண்டிருந்ததால் அது பக்கவாட்டில்தான் திறக்கும். எங்கள் தெரு அகலத்துக்கு அதைத் திறந்தால் சைக்கிள்கூடப் போக முடியாது. மீன் இறக்குகிற நேரம் தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும், என்ன மீன் என்று கேட்கும்.

உப்புக்காற்றில் கதவுகளின் அடி துருப்பிடித்து உதிர ஆரம்பித்ததும் இரண்டாம் தலைமுறை வந்தது. அதற்குள் எனக்கு மகளும் பிறந்திருந்தாள், மடியில். கம்பெனிக்காரர்கள் மேட்டைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். ஆகா, யாரோ நம்மை நினைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சீட் பெல்ட் மாட்டுகிற கொக்கிகளை நடு சீட்டின் இரண்டு ஓரத்திலும் நட்டு வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடுப்பில் குத்தும். பின்னால் இருப்பவர்களுக்கென்று புதிதாக ஏசி வேறு. முன் சீட்டுகளுக்கு நடுவே கீழே ஒரு ஓட்டை. அத்தைக்கும் பையனுக்கும் வேர்வை நிற்கவில்லை, என் கணுக்காலுக்கு மட்டும் மார்கழி மாசம்.

டிக்கிக்குக் கார்ப்பெட் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் அதைத் தடவித் தடவி மெச்சினார். முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினோம். செவ்வாய்க்கிழமை அவர் அதே வண்டியில் கம்பெனிக்குப் போய் இறங்கியபோது, கேட்டில் இருந்தவர், "சார், இன்னிக்கு இன்னா மீனு?" என்று கேட்டாராம். சாம்பிராணி போட்டோம், காப்பித்தூள் வைத்தோம், எலுமிச்சைத் தோல் தேய்த்தோம். மீனும் போகவில்லை, புதிதாகக் காப்பி வாசனையும் சேர்ந்துகொண்டது. அந்தத் தாளில் "கார்ப்பெட் உண்டா" என்று கேள்வி இருந்தது. "உண்டு" என்று டிக் அடித்ததும் அவரேதான்.

அந்த வண்டி இருக்கும்போதுதான் மாமா தவறிப்போனார். இரண்டு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. மாமா என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. காலையில் பேப்பர் படித்துவிட்டு எனக்கென்று மடித்து வைப்பார். அவருக்காக நான் மனதார அழுதேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து முதல் தடவையாக வண்டியில் ஏறப் போனபோது, என் மனதில் முதலில் வந்த எண்ணம் முன் சீட் காலி என்பதுதான். வந்த வேகத்திலேயே வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படியும் ஒரு புத்தியா என்று என்னையே திட்டிக்கொண்டு, வழக்கம்போல் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நீ முன்னால வாயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கு எதுக்கு? நான் இங்கியே இருக்கறேன்" என்றார் அத்தை.

பையன் சந்தோஷமாக முன்கதவைத் திறந்தான். "டேய், அது தாத்தா எடம்" என்றார் அத்தை. அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பையன் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தான்.

அவ்வளவுதான், சட்டம் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. மகள் மடியிலிருந்து இறங்கிவிட்டாள், பையன் வளர்ந்து முழங்காலும் முழங்கையுமாக ஆனான், நாங்கள் நாலு பேரும் பின்னால் அடைந்துகொண்டு போனோம். முன்னால் ஒரு முழு சீட் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு தடவை வீட்டுக்காரர் அதன்மேல் காய்கறிப் பையை வைத்தார். அத்தை எட்டி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தில் இறங்கினால் தெரிந்தவர்களே, "டிரைவர் போட்டா வந்தீங்க?" என்று கேட்டார்கள். டிரைவர் அந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அத்தையிடம் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? என் இடுப்புவலி ஒரு தட்டில், மாமாவின் இடம் இன்னொரு தட்டில் என்று வைத்துப் பார்த்தால் எனக்கே வாய் வரவில்லை. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவேன். ஆனால் ஆசை மட்டும் போகவில்லை. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அந்தக் காலி சீட்டைப் பார்ப்பேன், பார்த்ததற்காக வெட்கப்படுவேன்.

பிறகு மூன்றாம் தலைமுறை வந்தது. விழுப்புரம் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குக் குடும்பத்தோடு போனோம். வீட்டுக்காரர் கையில் தாள். விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு, நல்ல மரியாதையாக இருந்தார். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் போய்விட்டது, பின்கதவு மேல்நோக்கித் திறக்கிறது, டிக்கியில் கழற்றிக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டு. வைத்திக்குப்பம் மீனைப் பற்றி யாரோ கம்பெனிக்குக் கடுதாசி போட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து பின்பக்கம் பார்த்தேன். மேடு அநேகமாக இல்லை. எனக்குக் கண் கலங்காத குறை.

அப்போது விற்பனைக்காரர் நடு சீட்டின் முதுகைப் பிடித்து இழுத்தார். அது மடங்கி முன்னால் விழுந்து ஒரு பலகை ஆயிற்று. அதில் டம்ளர் வைக்க இரண்டு குழி.

"பின்னால ரெண்டு பேரு ராஜா மாதிரி கை வச்சிகினு போலாம் சார்."

"மூணாவது ஆளு?" என்றேன்.

"மூணாவது ஆளு வந்தா பலகைய நிமித்திக்கலாம் மேடம்."

நிமிர்த்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் மெத்தை இல்லை, பலகைதான். டம்ளர்க் குழிகள் இரண்டின் புடைத்த அடிகளும் தோள்பட்டைக்குக் கீழே சரியாக வந்து அமர்ந்தன. மூன்று தலைமுறையாக ஒரு கம்பெனி என்னை எங்கே குத்தலாம் என்று யோசித்து, காலிலிருந்து இடுப்புக்கு வந்து, இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறியிருந்தது.

ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நாங்கள் நாலு பேரும் பழக்கதோஷத்தில் பின்னால் ஏறிக்கொண்டோம். விற்பனைக்காரருக்கு என்ன தெரியும்? காலியாக இருந்த முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "போலாம் சார்" என்றார்.

எனக்கு உடனே அத்தை ஞாபகம்தான். திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. முன் சீட்டுக்கு மேலே தெரிந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனைக்காரர் கியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நெல்லித்தோப்பு சிக்னல் தெரிந்தது.

"சார், இங்க லெப்ட் எடுங்க" என்றார் அவர்.

அந்த சீட்டிலிருந்து யாரும் வழி சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று. வீட்டுக்காரர் திருப்பவில்லை. வண்டி மெதுவாகிக்கொண்டே போயிற்று.

"ஓரமா நிறுத்துடா" என்றார் அத்தை.

நின்றது.

"தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பின்னால வந்து குந்துங்க." பிறகு என் கையைத் தொட்டார். "நீ போயி முன்னால குந்து."

"அத்தை, நீங்களே போங்க…"

"என்னால அங்க குந்த முடியாது. வேற யாரோ குந்தறதயும் பாக்க முடியல. நீ போ. எத்தினி வருசம்தான் இங்கியே நெருக்கிகினு வருவ?"

ஆக, அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒன்பது வருஷம் ஆசைப்பட்ட இடத்துக்குப் போகச் சொன்னபோது, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல உட்கார்ந்திருந்தேன். மகள்தான் என்னைத் தள்ளி இறக்கினாள்.

மகளை அத்தை மடியில் ஏற்றிக்கொள்ள, விற்பனைக்காரர் டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தைக்கும் பையனுக்கும் நடுவே நுழைந்தார். அவர் சொன்ன வழியிலேயே போனோம். இரண்டு ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. மூன்றாவதில், "இந்த எடம் கொஞ்சம் ஹார்டாதான் இருக்கு மேடம்" என்றார், நேர்மையான மனுஷன்.

முன்னால் எனக்கு இரண்டு பக்கமும் யாரும் இல்லை. காலை நீட்டினால் நீண்டது. ரோடு மொத்தமும் எனக்கு எதிரே வந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். மாமாவுக்காகவா, எனக்காகவா, அத்தைக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"சீட்டு எப்பிடி?" என்று மெல்லக் கேட்டார் வீட்டுக்காரர்.

"ஓட்டுங்க" என்றேன்.

ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் தாளை எடுக்கவில்லை. திரும்பி, வண்டி எப்படி இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் அம்மாவிடம் கேட்டார்.

"வண்டியப் பத்தி எனக்கு இன்னாடா தெரியும்" என்றார் அத்தை. "முன்னால பாத்தா காலியா இல்ல. இதயே எடுத்துடு."