அய்யா வாங்கிய நிலைக்கதவு

எங்கள் அய்யா அரியக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தார்கள். மழை பொய்த்து நிலம் கைவிட்டபின் காரைக்குடிக்கு வந்து ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதினார்கள். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அடுத்தவர் காசில் ஒரு காபி குடித்ததில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போனால் இந்த நினைவு மலருக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால், "அந்தக் கதவை எழுதாம விட்டுட்டியே!" என்று எங்களைப் பெற்ற ஆத்தா என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆகையால் கதவுக்கே வருகிறேன்.

அறுபதுகளின் நடுவில் அரிசி விலை கண்டபடி ஏறியது. சேர்த்து வைத்த பணம் வீணாகிறதே என்று அய்யாவுக்குத் தூக்கமில்லை. ஒருநாள் தபால் ஆபீசில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். இடிபட்ட பெரிய வீடு ஒன்றின் பர்மாத் தேக்கு நிலைக்கதவோடு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். நாங்கள் இருந்ததோ வாடகை வீடு. மனைகூடக் கிடையாது.

"வீடு எங்குட்டு இருக்குன்னு கதவு வாங்கியாந்தீக?" என்றார்கள் ஆத்தா.

"ரூவாயா வச்சிருந்தா கரைஞ்சு போகும் புள்ள. தேக்கு நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது. மனை எங்குட்டு ஓடிப்போகப் போகுது?"

அவர்கள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் இறந்த அய்யாவின் தகப்பனாரை, வீட்டை வாடகைக்கு விட்டவர் உள்ளே கொண்டுவர விடவில்லை. தெருவோரப் புளியமரத்தடியில் கிடத்தித்தான் எல்லாச் சடங்கும் நடந்தது. "என்னைய எடுக்குறப்ப சொந்த வாசல்ல இருந்துதான் எடுக்கணும்" என்பது அன்றிலிருந்து அய்யாவின் ஒரே பேச்சு.

சரி, வாசலுக்கு ஆசைப்பட்டவர் முதலில் மனையை அல்லவா வாங்கவேண்டும்? யார் சொல்வது! வீடு மாறும்போதெல்லாம் கதவும் கூடவே வந்தது. சுவரில் சாய்த்தால் பாதிக் கூடம் போய்விடும். மீதியில் நாங்கள் படுத்தோம். அது போதாதென்று தீபாவளிப் போனசுக்கெல்லாம் தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் வாங்கிக் கட்டிலடியில் அடுக்கினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு வீட்டை இடிக்கிறீக?" என்று கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

தேக்கு விலை ஏறத்தான் செய்தது. அய்யாவின் கணக்கு அதில் தப்பவில்லை. எங்கும் ஓடாது என்று அவர்கள் நம்பிய மனைதான் அதைவிட வேகமாக ஓடிவிட்டது. கதவு வாங்கிய பணத்துக்கு மானகிரியில் அன்று ஒரு முழு மனை கிடைத்திருக்கும். பத்து வருடம் கழித்துப் போனபோது அரை மனைக்கே மூச்சு முட்டியது.

"இப்பவாச்சும் அந்தக் கதவை வித்துத் தொலைங்களேன்" என்றார்கள் ஆத்தா. அய்யா கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆத்தா தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அய்யா மடியில் வீசிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அந்தச் சங்கிலியில்தான் மனை வந்தது.

இரண்டே அறை வீடு. அதற்கு அரண்மனைக் கதவு! "வாசலுக்கே பாதிச் சுவரு போயிருதுங்களே" என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். தரையில் பாவியது போக மிஞ்சிய கல்லை அடுப்படிச் சுவரில் பதித்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அய்யா மட்டும் மாலையில் வேலைவிட்டு வந்ததும் கதவைத் தடவிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

சென்ற ஆண்டு மதுரை ஆஸ்பத்திரியில் அய்யாவின் மூச்சு நின்றது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த ஆத்தங்குடிக் கல் தரையில்தான் கிடத்தினோம்.

கைமாற்றுக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத கடை நண்பர்களுக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. வீட்டுக்கு வீடு அந்தக் கதவைத் தூக்கித் தோள் காய்த்துப்போன பங்காளிகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அய்யாவையும் அவர்கள்தான் தூக்கினார்கள். குனியாமல், சாய்க்காமல், எங்கும் இடிக்காமல் வாசலைக் கடந்தார்கள். ஆத்தா நிலையைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப் போறதுக்குத்தானா இம்புட்டுப் பெரிய கதவு வாங்குனீக!" என்று கத்தினார்கள்.

வருடம் ஒன்று ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஆத்தா இன்னும் அய்யாவைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.